ஏஜென்சி காட்டும் மூன்று அம்ப்ரெல்லா நிறுவனங்களில் ஒன்றில்தான் சேர வேண்டுமா?

வணக்கம். இங்கிலாந்தின் ரீடிங் நகரில் ஒப்பந்த வேலை கிடைத்தும், இரண்டு ஆண்டுகளாக நீங்கள் இருந்துவரும் அம்ப்ரெல்லா நிறுவனத்தை (ஒப்பந்தப் பணியாளரைத் தன் ஊழியராக வைத்து, வரி பிடித்துச் சம்பளம் தரும் இடை நிறுவனம்) ஏற்காமல், தன் பட்டியலிலுள்ள மூன்றில் ஒன்றில்தான் சேர வேண்டும் என்று வேலை தேடித் தரும் ஏஜென்சி சொல்வது நியாயமா எனக் கேட்டிருந்தீர்கள்.

பட்டியல் வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். 2026 ஏப்ரல் 6 முதல், அம்ப்ரெல்லா நிறுவனம் உங்கள் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல் விட்டால், பிரிட்டன் வரித்துறை அதை ஏஜென்சியிடமே வசூலிக்க முடியும். ஆகவே முன்பின் தெரியாத நிறுவனத்துக்கு அது தயங்குவது இயல்பே. ஆனால் மூன்றே பெயர்கள் என்பதும், உங்கள் நிறுவனத்தைச் சோதித்துப் பார்க்கவே மறுப்பதும் தவறு என்பதே என் உறுதியான கருத்து. அந்த மூன்றில் ஏதேனும் ஏஜென்சியோடு தொடர்புடையதா, ஆள் சேர்ப்பதற்குக் கமிஷன் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தன்னோடு தொடர்புடையவரின் சேவையைப் பெற்றால்தான் வேலை தேடித் தருவேன் என நிபந்தனை விதிப்பதை 2003ஆம் ஆண்டின் ஏஜென்சி நடத்தை விதிகள் தடுக்கின்றன.

கையெழுத்திடும் முன் ஊதியத்தையும் பிடித்தங்களையும் விளக்கும் முக்கியத் தகவல் ஆவணத்தையும் மாதிரிச் சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பேசிய தொகையிலிருந்தே, முதலாளி என்ற முறையில் அம்ப்ரெல்லா நிறுவனம் அரசுக்குச் செலுத்த வேண்டிய 15 சதவீத தேசியக் காப்பீட்டுத் தொகையும் கழியும். விடுமுறை ஊதியம் வாரந்தோறும் கைக்கு வருகிறதா, பிடித்து வைக்கப்படுகிறதா என்று சொல்லும் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். பட்டியலிலிருந்த ஒரு நிறுவனத்தில் அந்த வாசகத்தைக் கவனிக்காமல் விட்டதால், விலகியபோது ஏழு நாள் ஊதியத்தை நான் இழந்தேன்.