மாசி வீதியைத் தொட்டால் நிறம் மாறணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சித்திரைத் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக, மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைந்து, கோடுகளையும் வடிவங்களையும் எழுத்தாகவே பதிந்துவைக்கும் எஸ்விஜி (SVG) கோப்பாகச் சேமித்திருக்கிறேன். ஒரு வீதியைத் தொட்டால் அது சிவப்பாக மாற வேண்டும். வலைப்பக்கத்தில் இமேஜ் டேகில் (img) போட்டால் படம் தெரிகிறது, ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டால் உள்ளே எதையும் தொட முடியவில்லை. வீதிப் பெயர்களின் எழுத்தும் போனில் வேறு மாதிரி வருகிறது.
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: தம்பி, நல்ல வேலையை எடுத்திருக்கிறீர்கள். சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக இருக்கிற நம் ஊர் வீதிகள் எஸ்விஜிக்கென்றே அமைந்தவை.

இமேஜ் டேகில் போட்ட எஸ்விஜி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் மாதிரி. பார்க்கலாம், கை வைக்க முடியாது. நிறம், எழுத்து போன்ற தோற்றத்தைச் சொல்லும் உங்கள் பக்கத்தின் சிஎஸ்எஸ் (CSS) உள்ளே போகாது, பக்கத்தில் ஏற்றிய தமிழ் எழுத்துருவும் போகாது. எழுத்து மாறியதற்குக் காரணம் அதுதான். எழுத்துகளை எல்லாம் கோடுகளாக மாற்றிவிடு என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். 'கீழமாசி வீதி' என்பது எழுத்தாகவே இருந்தால்தான் பக்கத்தில் தேடினால் கிடைக்கும், பார்வையற்றவருக்குப் போன் வாசித்துக் காட்டும்.

படத்தைப் பக்கத்துக்குள்ளேயே கொண்டுவருவதுதான் வழி. ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச் (fetch) மூலம் கோப்பை எடுத்து, டெக்ஸ்ட்டாக வாங்கி, பக்கத்தில் பெட்டி மாதிரி இருக்கும் ஒரு டிவ்வின் (div) இன்னர்ஹெச்டிஎம்எல்லில் (innerHTML), அதாவது அதன் உள்ளடக்கமாக, வையுங்கள். வைப்பதற்கு முன் ரெஸ்பான்ஸ் ஓகேதானா என்று பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் கோப்பு கிடைக்காதபோது 404 பக்கம் வந்து உங்கள் டிவ்வில் உட்காரும். இதன்பிறகு மாசி வீதி என்பது ஒரு பட்டன் மாதிரிதான். குவெரிசெலக்டரால் (querySelector) பிடிக்கலாம், கிளிக் வைக்கலாம், நிறத்தை மாற்ற ஒரு சிஎஸ்எஸ் கிளாஸ் சேர்க்கலாம். ஹெச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்தால் மட்டும் ஃபெட்ச் வேலை செய்யாது. பைத்தானோடு வரும் சின்ன சர்வரை ஓட்டி, அதன் வழியாகத் திறங்கள்.

இங்க்ஸ்கேப்பில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லேயருக்கு வைத்த பெயர் ஐடி, அதாவது ஜாவாஸ்கிரிப்ட் தேடிப் பிடிக்கும் அடையாளப் பெயர், ஆகாது. வீதியைத் தேர்ந்து, ஆப்ஜெக்ட் பிராப்பர்ட்டீஸில் ஐடி என்ற கட்டத்தில் இங்கிலீஷ் எழுத்தில் பெயர் கொடுங்கள். அப்புறம் பிளெயின் எஸ்விஜியாகச் சேமியுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் கிளாஸின் சிவப்பு வராமல் போகலாம். இங்க்ஸ்கேப் ஒவ்வொரு கோட்டின் நிறத்தையும் அந்தக் கோட்டிலேயே ஸ்டைலாக எழுதிவைக்கும், அது உங்கள் சிஎஸ்எஸ்ஸை ஜெயித்துவிடும். கோப்பை எடிட்டரில் திறந்து, ஸ்டைலிலிருந்து ஸ்ட்ரோக் (stroke), அதாவது கோட்டின் நிறத்தை மட்டும் அழித்து, அதை சிஎஸ்எஸ்ஸில் எழுதுங்கள். மேலே எஸ்விஜி டேகில் மில்லிமீட்டர் கணக்கில் அகலமும் உயரமும் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, வரைபடத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் வியூபாக்ஸை (viewBox) மட்டும் விடுங்கள், சின்னப் போனிலும் நான்கு மாசி வீதியும் அடங்கும். வியூபாக்ஸையும் சேர்த்து அழித்தால் வரைபடம் போனில் பாதியோடு நின்றுவிடும்.

ஒரு பக்கத்தில் இரண்டு படம் வைப்பதாக இருந்தால் என் கதையைக் கேளுங்கள். ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்கு வலைப்பக்கம் செய்தபோது, ஒவ்வொரு சேலையின் புள்ளிக் கோலத்தையும் தனித்தனி எஸ்விஜியாக ஏற்றினேன். மறுநாள் காலையில் கடைக்காரர் போன் செய்து, "என்ன தம்பி, பச்சைச் சேலைக்கும் அரக்குக் கலர் ஓடுது?" என்றார். இரண்டு கோப்பிலும், ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் கிரேடியன்ட்டின் ஐடி ஒன்றேதான். பிரவுசர் முதலில் கண்டதையே இரண்டாவதற்கும் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கோப்பின் ஐடிக்கு முன்னும் அந்தப் படத்தின் பெயரைச் சேர்த்துவிடுகிறேன்.

தேரோட்டக் கூட்டத்தில் நின்றுகொண்டு கட்டைவிரலால் மெல்லிய கோட்டைத் தொடுவது கஷ்டம். ஒவ்வொரு வீதியின் மேலும் அதே பாதையை இன்னொரு தடவை வரைந்து, ஸ்ட்ரோக்கை டிரான்ஸ்பரன்ட் (transparent) என்று வைத்து நன்றாகத் தடிமனாக்குங்கள். கிளிக்கை அதில் வையுங்கள். none என்று வைத்தால் தொடுவதே பதியாது.

கேள்வி: தேர் நிற்கும் இடத்தில் வட்டம் வைக்க, ஜாவாஸ்கிரிப்ட்டின் கிரியேட்எலிமென்ட்டில் (createElement) சர்க்கிள் உருவாக்கிச் சேர்த்தேன். டெவலப்பர் டூல்ஸில் இருக்கிறது, திரையில் இல்லை.
– அதே மாணவர்

பதில்: கிரியேட்எலிமென்ட் ஹெச்டிஎம்எல் சர்க்கிளைத்தான் உருவாக்கும், அப்படி ஒரு டேக் ஹெச்டிஎம்எல்லில் கிடையாது. கிரியேட்எலிமென்ட்என்எஸ் (createElementNS) பயன்படுத்தி, இது எஸ்விஜி டேக் என்று பிரவுசருக்குச் சொல்லும் நேம்ஸ்பேஸ் முகவரியை முதலில் கொடுங்கள். உங்கள் கோப்பின் தலையில் எக்ஸ்எம்எல்என்எஸ் (xmlns) என்று இருப்பது அதே முகவரிதான், காப்பி செய்துகொள்ளலாம்.

கேள்வி: எங்கள் தளத்தில் உறுப்பினர்கள் தங்கள் லோகோவை எஸ்விஜியாக ஏற்றலாம். அதையும் இன்னர்ஹெச்டிஎம்எல்லில் வைக்கலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: கூடாது. எஸ்விஜிக்குள், தானாகவே ஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஆன்லோட் (onload) மாதிரி ஒரு வரியை ஒளித்துவைத்தால், பக்கத்தைத் திறக்கும் எல்லோருடைய பிரவுசரிலும் அது ஓடும். அடுத்தவர் தந்த கோப்பை இமேஜ் டேகிலேயே வையுங்கள். அங்கே ஸ்கிரிப்ட் ஓடாது.