எல்லாக் குழந்தைகளும் ஆர்வமாகக் கலந்துகொள்ளும்படி பள்ளி உடற்கல்விப் பாடத்திட்டத்தை எப்படி அமைப்பது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஏதோ ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர் என்று தோன்றுகிறது. ‘வருஷத்துக்கு ஒரு பிளான் எழுதிக் கொடுங்க’ என்று நிர்வாகத்தில் கேட்டிருப்பார்கள். நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பல வருடங்களாக பி.இ.டி., அதாவது உடற்கல்வி டீச்சர். என் அனுபவத்திலிருந்து ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: ஆடத் தெரிந்த பத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து பிளான் எழுதாதீர்கள். வேப்பமரத்தடியில் மற்றவர்களின் செருப்புக்கும் வாட்ச்சுக்கும் காவலாக உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களை வைத்து எழுதுங்கள். ஆடத் தெரிந்தவர்கள் எந்தப் பிளானிலும் ஆடிக்கொள்வார்கள்.

எழுத உட்காரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது நடக்கிற ஒரு பீரியடில், ஓரமாக நிற்கும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிள்ளை அசையும்போது மட்டும் ஸ்டாப்வாட்ச்சை ஓட விடுங்கள். நின்றதும் நிறுத்திவிடுங்கள். நாற்பது நிமிட பீரியடில் பத்து நிமிடம் தேறினாலே ஆச்சரியம். வகுப்பிலிருந்து இறங்கி வர, வரிசை பிடிக்க, அட்டெண்டன்ஸ் எடுக்க, டீம் பிரிக்க என்று பாதி போய்விடும். மீதியில் அந்தப் பிள்ளை தன் முறைக்காகக் காத்து நிற்கும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்துக்கு 420 நிமிடம். நம்மில் பலருக்குக் கிடைப்பது வாரம் இரண்டு பீரியட், அதாவது 80 நிமிடம். அதிலும் முக்கால்வாசி நிற்பதிலேயே போனால் நாம் நடத்துவதை உடற்கல்வி என்று எப்படிச் சொல்வது?

அதனால் முதல் எதிரி வரிசை. நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு பந்து இருந்தால் இருபது பேர் கொண்ட இரண்டு வரிசைதான் வரும். ஒரு விலை உயர்ந்த கூடைப்பந்து வாங்கும் காசுக்குக் கைக்கடக்கமான ரப்பர் பந்துகள் நிறைய வாங்கலாம். பந்து போதவில்லையா, வளையப்பந்துக்குப் போங்கள். இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு கயிறு கட்டினால் கோர்ட் தயார். ரப்பர் வளையம் மெதுவாக மிதந்து வருவதால், முகத்துக்கு நேரே வாலிபால் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைகூடப் பிடித்துவிடும். முதல் நாளே நாலு தடவை பிடித்த பிள்ளை மறுநாள் தானாகவே வந்து நிற்கும். இதை நான் ஒவ்வொரு ஆறாம் வகுப்பிலும் பார்க்கிறேன்.

இரண்டாவது எதிரி ‘அவுட் ஆனவங்க எல்லாம் அந்தப் பக்கம் உட்காருங்க’ என்ற விதி. யார் முதலில் அவுட் ஆவார்கள்? யாருக்குப் பழக்கம் அதிகம் வேண்டுமோ அவர்கள்தான். ஆட்டம் முடியும்வரை ஆடுவது ஏற்கெனவே நன்றாக ஆடுகிறவன். அவுட் ஆனால் மைதானத்தை ஒரு சுற்று வந்து மறுபடி சேர்ந்துகொள், அல்லது எதிர் டீமில் போய்ச் சேர் என்று விதியை மாற்றுங்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அப்புறம் டீம் பிரிப்பது. இரண்டு கேப்டன்களை நிறுத்தி, ‘நீ ஒருத்தரைக் கூப்பிடு, அவன் ஒருத்தரைக் கூப்பிடட்டும்’ என்று சொல்லும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கடைசியில் மிஞ்சும் இரண்டு பிள்ளைகளின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அதை மறுபடி செய்ய மாட்டார்கள். ‘இவளை நீயே வச்சுக்கோ’ என்று ஒரு கேப்டன் சொல்வதை அந்தப் பெண்ணும் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இதற்கு வெளிநாட்டுப் புத்தகம் எதுவும் தேவையில்லை. கிராமத்துப் பிள்ளைகள் காலங்காலமாக உத்தி பிரித்து ஆடியவர்கள்தானே. சம பலமுள்ள இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, தோளில் கைபோட்டுக்கொண்டு தள்ளிப் போய், ஒருவர் ‘மல்லிகை’ ஒருவர் ‘முல்லை’ என்று ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். கேப்டன் ஒரு பெயரைச் சொல்ல, அந்தப் பெயருக்கு உரியவர் அந்தப் பக்கம், மற்றவர் இந்தப் பக்கம். டீம் இரண்டும் சமமாக இருக்கும். கடைசியாக மிஞ்சியவர் என்று ஒருவரும் இல்லை. இதைவிட நியாயமான முறையை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றதில்லை. என் வகுப்பில் நான் செய்யும் ஒரே கூடுதல் வேலை, ஜோடி சரியாக அமைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பதுதான்.

இப்போது என் பள்ளியில் நடந்த ஒன்று. எட்டாம் வகுப்பில் ஆறேழு பெண்கள் எப்போதும் வயிற்றுவலி, தலைவலி என்று சொல்லி மரத்தடிக்குப் போய்விடுவார்கள். அதில் ஒருத்தி நல்ல உயரம், கை வீச்சு அருமை. ஒருநாள் துப்பட்டாவைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, கல்லைக் குறி வைத்து எறிந்து மாங்காய் விழ வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எறிபந்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். ‘சோம்பேறிங்க டீச்சர், விட்டுடுங்க’ என்றார்கள் ஸ்டாஃப் ரூமில். எனக்கு மனது கேட்கவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். முதலில் சிரித்து மழுப்பினார்கள். அப்புறம் அந்த உயரமான பெண்தான் சொன்னாள்: ‘ரோட்டுல இருந்து பாக்குறாங்க டீச்சர்.’

எங்கள் எறிபந்து கோர்ட் சாலையோரக் காம்பவுண்டை ஒட்டி இருந்தது. இடுப்பளவுச் சுவர், எதிரே டீக்கடை. பீரியட் நேரத்தில் அங்கே எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். குதித்தால் ஒரு சத்தம், ஓடினால் ஒரு சத்தம். இத்தனை நாள் அந்தப் பெண்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. தலைமை ஆசிரியரிடம் பேசி, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த புதரைச் சுத்தம் செய்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, கோர்ட்டை அங்கே மாற்றினேன். இடம் சின்னதுதான், தரை சமமில்லை. ஆனால் பள்ளிக் கட்டடம் மறைத்துக்கொள்ளும். விளையாட்டு நாளில் சுடிதாருக்கு துப்பட்டா வேண்டாம், டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் போட்டு வரலாம் என்று அனுமதி வாங்கினேன். கழிப்பறைச் சாவி ஆபீஸ் ரூமில் தொங்கியதை மாற்றி என் கையில் வைத்துக்கொண்டேன். மாதவிடாய் நாளில் ஆடுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், காரணம் சொல்ல வேண்டாம், ஸ்கோர் ஷீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்றேன். அந்தப் பருவம் முடிவதற்குள் மரத்தடி காலியாகிவிட்டது. அந்த உயரமான பெண், பக்கத்துப் பள்ளிகளோடு நடக்கும் குறுவட்டப் போட்டிக்கும் போனாள். அதைவிட, போட்டிக்குப் போகாத மற்ற பெண்கள் பெல் அடிக்கும் முன்பே ஷெட்டுக்குப் பின்னால் வந்து கயிறு கட்டத் தொடங்கியதுதான் எனக்குப் பெரிய பெருமை.

‘எங்கள் பள்ளியில் இந்தப் பிரச்சினை கிடையாது, இது கிராமத்துக் கதை’ என்று சிலர் எழுதலாம். சரி, உங்கள் பள்ளியில் வேறு ஏதோ ஒன்று இருக்கும். வெயிலில் கொதிக்கிற சிமெண்ட் தரையாக இருக்கலாம், கறுப்பு ஷூவோடு ஓட வேண்டிய கட்டாயமாக இருக்கலாம், குண்டான பையனுக்கு வாத்தியாரே வைத்த பட்டப்பெயராக இருக்கலாம். ஆடாத பிள்ளைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிக்கொண்டு அப்புறம் பாடத்திட்டத்துக்கு வாருங்கள்.

பாடத்திட்டம் என்று வந்தால், மூன்றாம் வகுப்பு வரை எந்த விளையாட்டின் பெயரும் வேண்டாம். ஓடுவது, தாவுவது, எறிவது, பிடிப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, உருளுவது. பாண்டியும் பச்சைக்குதிரையும் இதையெல்லாம் தானே சொல்லிக்கொடுத்துவிடும். நாலாம், ஐந்தாம் வகுப்பில் சின்னச் சின்ன விதிகளோடு நாலுக்கு நாலு ஆட்டம். ஆறு முதல் எட்டு வரைதான் கவனமாகப் பிரிக்க வேண்டிய இடம். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பங்கரும் தார்ப்பும் 1982இல் ஒரு முறையை முன்வைத்தார்கள். அதன் சாரம் இதுதான்: முதலில் சிறிய ஆட்டத்தை ஆட விடு, எங்கே காலி இடம் இருக்கிறது, எப்போது எறிய வேண்டும் என்று பிள்ளை யோசிக்கட்டும், தேவை வரும்போது திறனைச் சொல்லிக்கொடு. நாம் தலைகீழாகச் செய்கிறோம். வாலிபாலில் ஒரு மாதம் வெறும் சர்வீஸ் பழக்கிவிட்டு, ஆட்டம் தொடங்கும்போது பாதிப் பேருக்கு அலுத்துப் போயிருக்கும்.

இன்னொன்று, அமெரிக்காவில் டேரில் சீடன்டாப் உருவாக்கிய ‘சீசன்’ முறை. வாரத்துக்கு ஒரு விளையாட்டு என்று தாவாமல், ஒரே விளையாட்டை ஒரு பருவம் முழுக்க ஆடுவது. டீம் கடைசிவரை மாறாது. எல்லோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு: ஒருவர் நடுவர், ஒருவர் ஸ்கோரர், ஒருவர் வார்ம்-அப் நடத்துபவர், ஒருவர் பொருட்களுக்குப் பொறுப்பு. இந்தப் பொறுப்புகளைச் சுழற்சியில் கொடுங்கள். இல்லையென்றால் ஆடத் தெரியாத பிள்ளையை நிரந்தர ஸ்கோரராக்கிவிடுவோம், அது மரத்தடிக்கு இன்னொரு பெயர். விசில் கையில் கிடைத்ததும் நிமிர்ந்து நிற்கும் பிள்ளைகளை நீங்களே பார்ப்பீர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தேர்வு அவர்கள் கையில் இருக்கட்டும்: சிலம்பமோ கபடியோ யோகாவோ, அவர்களுக்குப் பிடித்தது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை ‘நீ பார்த்துக்கிட்டு இரு’ என்று உட்கார வைப்பது இன்னும் நடக்கிறது. பார்வை குறைந்த பிள்ளை இருந்தால் பந்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள், உருளும்போது சரசரவென்று சத்தம் வரும். காது கேளாத பிள்ளைக்கு விசிலோடு கைக்குட்டையும் அசையட்டும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையோடு வகுப்பே உட்கார்ந்து ‘போச்சா’ (Boccia) என்ற ஆட்டத்தை ஆடலாம். வெள்ளைப் பந்துக்கு அருகில் தன் பந்தை எறியும் ஆட்டம் அது, 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து மோதி, காலில் ஏறி, வலது கால் சிதைந்தவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். பள்ளியில் அவரை உயரம் தாண்டச் சொன்னவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். அந்த ஆசிரியர் ‘உட்காரு’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

‘எல்லோரையும் ஆட விட்டால் கப் யார் வாங்குவது’ என்று கேட்பார்கள். நான் கப்புக்கு எதிரி இல்லை. பள்ளி டீமுக்குக் காலையும் மாலையும் பயிற்சி கொடுக்கிறேன். ஆனால் பீரியட் என்பது வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் சொந்தம். கணக்கு டீச்சர் முதல் பத்து ரேங்குக்கு மட்டும் பாடம் நடத்தினால் பெற்றோர் சும்மா இருப்பார்களா?

மைதானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். விடுமுறை நாளில் பள்ளி மைதானத்தை விழாவுக்கும் கூட்டத்துக்கும் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். ஆனால் பந்தல்கால் நட்ட குழியை யார் மூடுவது? ஒரு திங்கட்கிழமை காலை ஓட்டப் பாதை நெடுக முழங்கால் ஆழக் குழிகள், பக்கத்தில் உடைந்த பாட்டில். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள். நானும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களும் மண்வெட்டியோடு மூடினோம். கண்ணாடிச் சில்லைப் பொறுக்கி முடிக்க வெயில் ஏறிவிட்டது. வாடகை வாங்கினவர்களிடம் கேட்டால், ‘அதான் பி.இ.டி. இருக்கீங்களே’ என்கிறார்கள். 1920இலேயே அமெரிக்கரான ஹாரி க்ரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். நூறு வருடம் தாண்டியும் நாங்கள் பெல் அடிக்கவும் முடிவெட்டாத பையனைப் பிடிக்கவும் பந்தல்குழி மூடவும்தான் என்றால் வயிறு எரிகிறது.

மதிப்பீட்டுக்கு வருவோம். 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்தபடி முன்னால் வளைந்து கால்விரலைத் தொடுதல் எல்லாம் எடுங்கள், தவறில்லை. எண்களைப் பலகையில் ஒட்டாதீர்கள், எடையைச் சத்தமாகப் படிக்காதீர்கள். ஜூனில் அந்தப் பிள்ளைக்கு என்ன எண், பிப்ரவரியில் என்ன எண் என்பதை அந்தப் பிள்ளையிடம் மட்டும் காட்டுங்கள்.

கடைசியாக, பிளானைக் கொடுக்கும்போதே கால அட்டவணையைப் பற்றி எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சிபிஎஸ்இ பள்ளி என்றால், 2018-19 கல்வியாண்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பீரியட் கட்டாயம் என்ற உத்தரவைக் காட்டலாம். மற்ற பள்ளி என்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று சொல்வதையாவது எடுத்துச் சொல்லுங்கள். பொங்கல் லீவு முடிந்ததும் ‘போர்ஷன் முடியல, இன்னைக்கு மட்டும் பீரியட் குடுங்க’ என்று வருவார்கள். அந்தப் பேப்பர் கையில் இருந்தால் ‘தர முடியாது சார்’ என்று சொல்ல உங்களுக்குத் தைரியம் இருக்கும்.