மூளை ஆராய்ச்சிக்குக் கணிதப் பிரிவும் வழிதான்

புதுக்குடியிருப்பிலிருந்து கேட்டிருந்த அம்மாவுக்கு,

எம்.ஆர்.ஐ. வைத்து மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைப் படிக்க வேண்டும் என்கிறாள் மகள். அதற்கு டொக்டராகத்தானே வேண்டும், உயர்தரத்தில் உயிரியல் எடு என்கிறீர்கள் நீங்கள். அவளோ கணிதம்தான் என்று நிற்கிறாள். நான் அவள் பக்கம்.

எம்.ஆர்.ஐ. அந்த மின்சாரத்தை நேரே காட்டுவதில்லை. நரம்புக் கலங்கள் வேலை செய்யும் இடத்துக்கு ஒட்சிசன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுக்கு, ஒட்சிசன் உள்ளபோதும் இல்லாதபோதும் காந்த இயல்பு வேறு. அந்த வித்தியாசம் படத்தில் தெரிவதை 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டினார். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலில் ஓடுகிறது என்று பார்த்து, எந்த வயலில் வேலை நடக்கிறது என்று ஊகிப்பது போலத்தான். மின் துடிப்பு மில்லி செக்கனில் முடிந்துவிடும். இரத்தத்தின் மாற்றம் உச்சத்துக்கு வர ஐந்து செக்கன் அளவில் எடுக்கும்.

தலையில் மின்வாய் ஒட்டி மூளையின் மின்சாரத்தையே பதியும் ஈ.ஈ.ஜி. நேரத்தைச் சரியாகச் சொல்லும், இடத்தைச் சரியாகச் சொல்லாது. அதனால் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கிறார்கள். அங்கேதான் தலையிடி. எம்.ஆர்.ஐ.யின் மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் ஈ.ஈ.ஜி. வயர்களில் தூண்டும் மின்னழுத்தம், மூளையின் மைக்ரோவோல்ட் சமிக்ஞையை அப்படியே மூடிவிடும். இதயம் துடிக்கும்போது தலை அசையும் சின்ன அசைவுகூடப் பதிவில் விழும். அந்த இரைச்சலைக் கழித்து எடுப்பது கணிதமும் பௌதிகமும் மின்னணுவியலும் தெரிந்தவரின் வேலை. இரத்தத்தை நம்பாமல் மின் செயற்பாட்டையே எம்.ஆர்.ஐ.யில் பிடித்துவிட்டோம் என்று 2022இல் கொரிய ஆய்வாளர்கள் எலிகளை வைத்து அறிவித்தார்கள். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது கிடைக்கவில்லை. ஆக, உங்கள் மகள் போன்றவர்களுக்கு இதில் இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுத்தால் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. மின், மின்னணுப் பொறியியல் படிக்கலாம். மொறட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல் உண்டு. நோயாளிக்குப் பக்கத்தில் நின்று ஸ்கான் எடுக்கத்தான் ஆசை என்றால் கதை வேறு: பேராதனையில் கதிர்ப்படவியல் பட்டம், அதற்கு உயிரியல் பிரிவு வேண்டும். இந்த இரண்டில் எது என்று மகளிடம் ஆறுதலாகக் கேளுங்கள்.

ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் வெளிநாட்டில் புலமைப்பரிசிலோடு மேற்படிப்பு. அது கைகூடாவிட்டாலும் பொறியியல் பட்டமும் புரோகிராமிங்கும் கையில் இருக்கும், பிழைப்புக்குப் பயமில்லை. எனக்குள்ள கவலை வேறு. உங்கள் பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு நிலையான ஆசிரியர் இருக்கிறாரா? வன்னியில் இதைக் கேட்காமல் பிரிவைத் தெரிவு செய்யக் கூடாது. இல்லையென்றால் அனுமதி எடுக்க முன்னமே கிளிநொச்சி, வவுனியா பாடசாலைகளையும் விசாரியுங்கள், தங்கிப் படிக்க வசதி இருக்கிறதா என்பதையும் சேர்த்து.