போன் மழை நின்றால் பாப்பா விழித்துக்கொள்கிறாள்!

கேள்வி: எங்கள் பையனுக்கு ஐந்து மாதம். தூளியில் போட்டு, செல்போனில் 'வொயிட் நாய்ஸ்' (மழை, மின்விசிறி போலச் சீராக வரும் இரைச்சல்) வைத்தால் உடனே தூங்கிவிடுகிறான். போனைத் தூளித் துணி மடிப்பிலேயே செருகிவைக்கிறோம். காதுக்கு ஏதும் ஆகுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் போனைத் தூளியிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தச் சத்தத்துக்குக் குழந்தை தூங்குவது உண்மைதான். 1990-ல் லண்டனில், பிறந்து ஒரு வாரத்துக்குள் இருந்த 40 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். இரைச்சலைக் கேட்ட 20 பேரில் 16 பேர் ஐந்தே நிமிடத்தில் தூங்கினார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர்தான்.

சிக்கல், சத்தம் எவ்வளவு, எவ்வளவு கிட்டத்தில் என்பதில்தான். 2014-ல் டொராண்டோ சிறுவர் மருத்துவமனைக் குழுவினர், குழந்தைகளுக்கென்றே விற்கும் 14 ஒலிக்கருவிகளை முழு வால்யூமில் வைத்து அளந்தார்கள். ஓரடி தூரத்தில் பதினான்குமே 50 டெசிபலை (சத்தத்தை அளக்கும் அலகு) தாண்டின. மூன்று 85-ஐயும் தாண்டின. மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தை அறைக்குச் சொல்லும் வரம்பே 50தான். 85 என்பது எட்டு மணி நேரம் மெஷின் நடுவே வேலை பார்க்கும் பெரியவர்களுக்கான கணக்கு. உங்கள் போனோ ஓரடிகூட இல்லை, காதோரமே இருக்கிறது.

குறைந்தது ஏழடி தள்ளி, அலமாரி மேலோ ஜன்னல் திட்டிலோ வையுங்கள். தூரம் இரு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் வரை இறங்கும். சுவர்கள் எதிரொலிக்கும் சின்ன அறையில் அதைவிடக் கம்மியாக. டெசிபல் காட்டும் ஆப்பை இன்னொரு போனில் போட்டு, குழந்தையின் தலை இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். துல்லியமாக இராது, ஆனால் 50-ஆ 70-ஆ என்பது தெரிந்துவிடும். சார்ஜர் ஒயர் தூளிக்கு எட்டக்கூடாது. யூடியூபில் ஓடவிட்டால் நடுராத்திரியில் விளம்பரம் அலறும். ஃபைலை இறக்கி ஏரோபிளேன் மோடில் போடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். அப்போது அவன் கேட்க வேண்டியது உங்கள் பேச்சை.

கேள்வி: மகளுக்கு இரண்டரை வயது. போனில் மழைச் சத்தம் ஓடினால்தான் தூக்கம். ஜூனில் ப்ளே ஸ்கூல். ஒரு நாள் சட்டென்று நிறுத்தினோம், இரவெல்லாம் அழுகை. ஒரு மணி நேரத்துக்கு டைமர் வைத்தால் நடுவில் எழுந்துவிடுகிறாள். "பழக்கிவிட்டது நீதானே" என்கிறார் மாமியார்.
– வாசகி, திருப்பூர்

பதில்: மாமியாரிடம் சொல்லுங்கள், இது போதைப் பழக்கமல்ல. தூரத்தில், மெதுவாக ஓடும்வரை நிறுத்த அவசரமே இல்லை. பள்ளிக்காக என்றால் ஐந்தாறு வாரம் முன்னதாகவே தொடங்குங்கள்.

டைமர் ஏன் சொதப்புகிறது? குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் லேசாகும். அரைத்தூக்கத்தில் காது பார்க்கும்போது, கண் மூடியபோது இருந்த சத்தம் இல்லை. உடனே முழு விழிப்பு. அதனால் நேரத்தைக் குறைக்காதீர்கள், வால்யூமைக் குறையுங்கள். சத்தம் விடியும்வரை ஓடட்டும்.

தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வேறு ஒரு துணையைப் பழக்குங்கள்: விளக்கணைத்ததும் தினமும் அதே தாலாட்டு, அதே போர்வை. பிறகு மூன்று இரவுக்கு ஒரு கோடு வீதம் போனின் வால்யூமை இறக்குங்கள். இப்போது எட்டாவது கோட்டில் இருந்தால் 24 இரவு ஆகும். முதல் நாலைந்து கோடுகள் போனதே அவளுக்குத் தெரியாது. விடிகாலை நாலு, ஐந்து மணிக்கு எழ ஆரம்பித்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு கோடு ஏற்றி நாலு நாள் அங்கேயே நில்லுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கடைசிக் கோட்டில். ஒன்றிலிருந்து பூஜ்யம் பெரிய தாவல். அங்கே வால்யூமைத் தொடாமல் போனை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நகர்த்துங்கள்: அறை மூலை, கதவோரம், கடைசியில் ஹால். மிச்சத்தை மின்விசிறிச் சத்தம் மூடிவிடும்.

இரவில் தூக்கக் களைப்பு அதிகம், அதனால் இரவு முதலில். மதியத் தூக்கத்துக்கு அப்புறம். காய்ச்சல், பல் முளைப்பு, ஊர்ப்பயணம் என்றால் தள்ளிப்போடுங்கள். பள்ளியைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். இடம் மாறினால் பழக்கமும் மாறும். வீட்டில் அடம்பிடிக்கும் பிள்ளைகள் பலர் அங்கே சத்தமில்லாமல் தூங்கிவிடுவதுண்டு.

கேள்வி: மின்விசிறிச் சத்தமும் வொயிட் நாய்ஸ்தானா? கரன்ட் போனதும் பாப்பா எழுந்துவிடுகிறாளே?
– வாசகர், விருதுநகர்

பதில்: கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் தடித்த ஒலி. கரன்ட் போனால் சத்தம், காற்று இரண்டும் ஒன்றாக நிற்பதால் எதனால் எழுந்தாள் என்று பிரிக்க முடியாது. அந்த அறை ஃபேனை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். 'டக் டக்' என்று அடிக்கும் ஃபேன் மட்டும் உதவாது. சீரான இரைச்சலைத்தான் காது மறக்கும், விட்டுவிட்டு வரும் ஒலியை அல்ல. இறக்கைத் திருகுகளை முடுக்கச் சொல்லுங்கள்.