பிடிக்காதவர்களோடு ஓர் ஊரில்

அன்புள்ள அக்கா,

செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் நீங்கள் வளர்ந்த நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்தேன். என் கணவருக்கு ஆஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவு மருத்துவமனையில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. நானும் ஐந்து வயது மகனும் கூடப் போகவேண்டும். தேடிப் பார்த்தேன், அங்கே ஒன்றுமே இல்லை. காய்கறி விமானத்தில் வருகிறது, யானை விலை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமாம். நான் யார் வம்புக்கும் போகாதவள். இந்த அடுக்குமாடி புளோக்கில் ஏழு வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் நிம்மதியாக இருக்கிறேன். அவ்வளவு சின்ன ஊரில் என்னால் இருக்க முடியுமா? பையனின் தமிழ் என்னவாகும்?

ஒரு வாசகி, பொங்கோல், சிங்கப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

போன மாதம் ஈசூனில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் பாதி காலி. லிஃப்டிலிருந்து வந்தவர்கள் தலையைக் குனிந்தபடி கடந்து போனார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. இறந்தவர் யாரென்று தெரியாது, அவ்வளவுதான். அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்ததை உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

முதலில் அந்த 'ஒன்றுமே இல்லை'. 1958இல் ஆஸ்திரேலியாவுக்குக் கைமாறும்வரை அந்தத் தீவு சிங்கப்பூர் நிர்வாகத்தில் இருந்தது. விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக சிங்கப்பூருக்கு 29 லட்சம் பவுன் தந்தார்கள். பாஸ்பேட் வெட்ட இங்கிருந்தும் மலாயாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். இன்று அங்கே இருப்பவர்களில் பலர் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். மழை தொடங்கியதும் கோடிக்கணக்கில் சிவப்பு நண்டுகள் காட்டைவிட்டுக் கடலுக்கு இறங்கும். அவற்றுக்காகச் சாலையை மூடுகிறார்கள், பாலம் கட்டியிருக்கிறார்கள். ஐந்து வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

காய்கறி விலையெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. பருப்பும் புளியும் வைத்து நம் பாட்டிகள் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். விதை, கறிவேப்பிலை என்று எதையாவது பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள், ஆஸ்திரேலியாக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

என்னை உறுத்தியது வேறு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் நிம்மதியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு நல்ல குணம்போலச் சொல்கிறீர்களே அம்மா! ஏழு வருடம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருமுவதைக் கேட்டுக்கொண்டு, அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை என்றால், அதற்குப் பெயர் வம்புக்குப் போகாமை இல்லை.

தளத்தில் நாங்கள் இருந்த லைன் வீடுகளுக்குப் பொதுக் குழாய் ஒன்றுதான். அதில் வாளி வைக்கும் முறையை வைத்து என் அம்மாவுக்கும் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் பெரிய சண்டை வந்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆனால் எங்கே போவது? வீடு வேலையோடு வந்தது. இரண்டு வீட்டு ஆண்களுக்கும் ஒரே டாக்யார்டு, ஒரே சங்கு. அதே குழாய், அதே கடை, அதே மரத்தடி முருகன். தினமும் முகத்தில் விழித்தாக வேண்டும்.

என் பாட்டி இறந்த காலையில் முதலில் உள்ளே வந்தது அந்தப் பெரியம்மாதான். அம்மாவைப் பார்க்கக்கூட இல்லை. நேரே அடுக்களைக்குப் போய், அடுப்பை அணைத்து, அதன்மேலிருந்த பால் சட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பெரிய அலுமினியக் கெட்டிலில் கோப்பி வந்தது. கருமாதி முடியும்வரை எங்கள் வீட்டுச் சோறு அவர் வீட்டில்தான் வெந்தது. பாத்திரங்களை நான்தான் கொண்டுபோவேன், கொண்டுவருவேன். அப்போதும் இருவரும் பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு மட்டும் என் கையில் போய்வந்தது.

இதைத்தான் சின்ன ஊர் என்கிறேன். ஊரென்றால் பிரியமானவர்கள் கூடி வாழும் இடம் என்று எழுதுகிறவர்கள் அங்கே வாழாதவர்கள். பிரியமே இல்லாதவருக்கும் செய்யவேண்டியதைச் செய்யும் இடம் அது. இங்கே ஒருவரோடு மனத்தாங்கல் என்றால் கோப்பிக்கடையை மாற்றிக்கொள்ளலாம், வாட்ஸ்அப் குழுவைவிட்டு விலகிவிடலாம், மிஞ்சிப்போனால் வீட்டையே மாற்றலாம். 1,700 பேர்கூட இல்லாத தீவில் அந்த வசதி கிடையாது. உங்களைக் கடுப்பேற்றிய பெண்மணியின் பிள்ளைதான் உங்கள் பிள்ளையோடு ஒரே வகுப்பில் இருப்பான். மழைக்கால மாதங்களில் கடல் கொந்தளித்துச் சரக்குக் கப்பல் கரைசேர முடியாமல் நிற்கும்போது, அவர் வீட்டில்தான் மாவு மிச்சமிருக்கும். கேட்கப் பழகவேண்டும். கொடுக்கவும் பழகவேண்டும்.

எல்லாரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்ற உங்கள் பயத்தை மட்டும் நான் தள்ளிவிடமாட்டேன். எங்கள் லைனில் ஒரு அக்கா இருந்தார். இரவு வகுப்புக்குப் போய்த் தட்டச்சு கற்றார், யாரோ ஒருவருடன் பேருந்திலிருந்து இறங்கினார். அது போதுமாக இருந்தது. அவர் தண்ணீர் பிடிக்க வந்தால் குழாயடி அமைதியாகிவிடும். கடைசியில் நகரத்துக்கே போய்விட்டார். அவரை விரட்டியவர்களில் அந்தக் கோப்பிப் பெரியம்மாவும் உண்டு. இரண்டும் ஒரே மனுஷிதான், என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் அந்தத் தீவில் யாராவது ஒரு பெண்ணைப் பற்றி உங்கள் காதில் ஓத வந்தால் எழுந்துவிடுங்கள். அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய் உட்காருங்கள்.

1968இல் பிரிட்டிஷ்காரர்கள் தளத்தைவிட்டுப் போகப்போவதாக அறிவித்தார்கள், 1971இல் போயும்விட்டார்கள். வேலையோடு வந்த வீடுகளும் போயின. பலர் கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் கப்பலேறினார்கள், மற்றவர்கள் அரசாங்கத்தின் வீவக அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்தார்கள். எங்களுக்குச் சொந்தக் குழாய் கிடைத்தது. அம்மா அதைத் திறந்து திறந்து பார்த்தார்.

போங்கள். போவதற்குமுன் அந்தப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பெயரைக் கேட்டுவிட்டுப் போங்கள். பையனின் தமிழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பெரிய பேச்சு, தனியாக எழுதுகிறேன். அதுவரை வீட்டில் அவனோடு தமிழில் மட்டும் பேசுங்கள், கணவரையும் பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா