மாத்திரை வலிக்கா, பழக்கத்துக்கா?

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது. இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பில் டிஸ்க் விலகி, டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாளுக்கு இரண்டு என்று ஆரம்பித்தது, இப்போது பத்து, பன்னிரண்டு ஆகிவிட்டது. மூன்று மெடிக்கலில் மாற்றி மாற்றி வாங்குகிறார். கேட்டால், "வலி உனக்கா எனக்கா?" என்று எரிந்து விழுகிறார். அட்டையில் டிராமடால், பாராசிட்டமால் என்று இருக்கிறது. மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாரா? அட்டையை ஒளித்து வைக்கலாமா?

பதில்: ஒளித்து வைக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அட்டையைப் படித்தது நல்ல காரியம். பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் எல்லாம் அளவு மீறினால் ஈரலையோ சிறுநீரகத்தையோ கெடுக்கும். ஆனால் ஆளைப் பிடித்துக்கொள்ளாது. டிராமடாலும் டேபென்டடாலும் அப்படியல்ல, மூளையில் அபின் வேலை செய்யும் அதே இடத்தில் வேலை செய்பவை. 2018 முதல் டிராமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. பிறகு எப்படிக் கிடைக்கிறது என்கிறீர்களா? எனக்கும் அந்த எரிச்சல் உண்டு.

இரண்டு வருடம் சாப்பிட்டால் யாருடைய உடம்பும் பழகிவிடும். டாக்டர் சொன்னபடி அளவாகச் சாப்பிட்டவருக்கும் திடீரென்று நிறுத்தினால் அவஸ்தை வரும். அதை மட்டும் வைத்து நாங்கள் அடிமை என்று சொல்வதில்லை. மாத்திரையைச் சுற்றி அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்றுதான் பார்ப்போம்.

ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். எப்போது மாத்திரை போடுகிறார்? வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த பிறகா, அல்லது வீட்டில் சண்டை வந்தபோது, தூக்கம் பிடிக்காதபோது, விசேஷத்துக்குக் கிளம்பும்போதா? அட்டை தீரப்போகிறது என்றால் முகம் மாறுகிறதா? பிசியோதெரபி என்றால் தட்டிக் கழித்துவிட்டு, மாத்திரை போதும் என்கிறாரா? வீட்டார் பெரும்பாலும் மாத்திரையை எண்ணிக்கொண்டு வருவார்கள். நான் கேட்பது, காலி அட்டை எங்கே போகிறது என்று. குப்பைத்தொட்டிக்கா, பீரோவுக்குப் பின்னாலா? என் அனுபவத்தில் எண்ணிக்கையைவிட ஒளிவுமறைவுதான் அதிகம் பேசும். மூன்று மெடிக்கல் என்று நீங்கள் எழுதியதும் அதனால்தான் என்னை உறுத்துகிறது.

ஆனால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். மருந்தின் வேகம் இறங்கும்போது உடம்பெல்லாம் வலிக்கும், கால் குடையும், கொட்டாவியாக வரும், மூக்கில் நீர் வடியும், புல்லரிக்கும், வயிற்றால் போகும். அவருக்கு அது பழைய இடுப்பு வலி திரும்பியது போலவே இருக்கும். ஒரு மாத்திரை போட்டதும் அடங்குவதால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதியாகும். டிஸ்க் வலி பெரும்பாலும் ஒரு பக்கக் காலில் இறங்கும். உட்கார்ந்தால், குனிந்தால் கூடும். மருந்து இறங்கும்போது வரும் வலியோ கடிகாரத்தைப் பார்த்து வரும்.

இப்போதைய அவசரம் வேறு. இந்தக் கலவை மாத்திரையில் வழக்கமாக டிராமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 இருக்கும். அப்படியானால் பன்னிரண்டு மாத்திரைக்கு டிராமடால் மட்டும் 450. ஒரு நாளைக்கு 400-க்கு மேல் கூடாது. மீறினால் வலிப்பு வரக்கூடும். பாராசிட்டமாலும் 4 கிராமை நெருங்குகிறது. குடிப்பழக்கமும் இருந்தால் ஈரலுக்கு ஆபத்து. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். தட்டி எழுப்பியும் எழவில்லை, உதடு நீலமாகிறது என்றால் உடனே 108.

சரி, ஏன் ஒளிக்கக் கூடாது? ஒன்றிரண்டு நாளிலேயே அந்த அவஸ்தை ஆரம்பித்துவிடும். டிராமடாலில் பதற்றமும் குழப்பமும்கூட வரலாம். அவர் நாலாவது மெடிக்கலைத் தேடுவார், இல்லையென்றால் பாட்டிலை. சில வாரம் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவையே போட்டால் இன்னும் மோசம். உடம்பு அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார், தேவைப்பட்டால் மாற்று மருந்து தருவார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446. இடுப்புக்கும் தனியாக வைத்தியம் பாருங்கள், அது பொய் வலி அல்ல. அவரிடம் "நிறுத்துங்கள்" என்று ஆரம்பிக்காமல், "இவ்வளவு மாத்திரை போட்டும் வலி குறையலையேப்பா, வேற டாக்டரைப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, அவர் அமைதியாக இருக்கும்போது. போகும்போது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள், பீரோவுக்குப் பின்னால் கிடைத்தவற்றையும் சேர்த்து.