காக்காய்க்கு இன்னொரு மேடை

கேள்வி: போர்முனைக்குச் செய்தி சேகரிக்கப் போய் உயிர்விட்ட பத்திரிகையாளர்களுக்கும், நடுவில் சிக்கி மடிகிற அப்பாவி மக்களுக்கும் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு சிலை வைத்தால் என்ன? கலைஞர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர்தானே?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: சிலையா? வேண்டாம் தாயே! அடிக்கல் விழா அமர்க்களமாக நடக்கும். பீடம் எழும்பியதும் சிலைக்குச் சாக்கு சுற்றிவிடுவார்கள். யார் திறப்பது என்ற தகராறு தீருவதற்குள் சாக்கு இற்றுப்போய், சிலை தானே தன்னைத் திறந்துகொள்ளும். பிறகு கம்பிக் கூண்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு மாலை. மறுநாள் பேப்பரில் மாலை போட்டவர் முகம் பளிச்சென்று இருக்கும், சிலையின் முகம் மாலைக்குள் புதைந்திருக்கும்.

நிருபர் சிலை என்றால் கையில் கேமரா வேண்டும். அது எந்தப் பக்கம் பார்ப்பது? தலைமைச் செயலகத்தைப் பார்த்தால் ஆளுங்கட்சிக்குப் பொறுக்காது. கடலைப் பார்த்தால், ‘ஊர்ப் பிரச்சினை கண்ணில் படாதா?’ என்று எதிர்க்கட்சி மறியல் செய்யும். கடைசியில் சமரசமாகி, கல் லென்சுக்கு ஒரு கல் மூடி போட்டுவிடுவார்கள். இதைச் சொன்னதற்காகவே ஒரு சிற்பி நண்பர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நிற்கட்டும்.

அதே சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய் மடிந்த நம்மூர்ச் சிப்பாய்களுக்கானது. பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14-க்கு விளக்கு போடுவார்கள். சிப்பாய்க்குக் கல் கிடைத்துவிடும். குண்டு விழுந்த தெருக்காரனுக்குத்தான் கிடைக்காது. இதில் உங்கள் கட்சிதான் நானும்.

தெருக்காரனுக்குக் கிடைத்த பெரிய மரியாதை பிக்காசோவின் ‘குவெர்னிக்கா’ ஓவியம். 1937 ஏப்ரல் 26 அன்று குவெர்னிக்கா என்ற ஸ்பானிய ஊரில் குண்டு போட்டார்கள். ஜார்ஜ் ஸ்டீர் என்ற நிருபர் லண்டன் ‘டைம்ஸ்’ இதழுக்கு எழுதிய செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பாரிசில் பேப்பர் பார்த்த பிக்காசோ தூரிகையை எடுத்தார். எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். தேடினாலும் சிவப்பு கிடைக்காது. கறுப்பு, வெள்ளை, சாம்பல். குதிரையின் உடம்பைக் கிட்டத்தில் பாருங்கள்: அச்செழுத்து வரிகள் மாதிரி குட்டிக் குட்டிக் கோடுகள். எனக்கென்னவோ அது ஸ்டீர்களுக்குப் போட்ட சலாமாகத்தான் படுகிறது.

பிரான்சில் பாயூ என்ற ஊரில் இன்னும் எளிமையாகச் செய்திருக்கிறார்கள். வெள்ளைக் கற்களை நட்டு, 1944 முதல் கொல்லப்பட்ட நிருபர்களின் பெயர்களை ஆண்டுவாரியாக வெட்டிவைத்திருக்கிறார்கள். வெறும் பெயர். நம் பத்திரிகைகளுக்கு வராத வித்தை அதுதான்! உயிரைப் பணயம் வைத்து ஒருவர் எடுத்த படத்தைப் போட்டு, கீழே ‘நன்றி: இணையம்’ என்கிறோம். இணையம் என்ன கேமராவைத் தூக்கிக்கொண்டு போர்முனைக்கா போனது? நம் நாட்டுப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திகி 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். இலங்கைத் தமிழ் நிருபர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபரில், ஊரடங்கு இரவில், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். இவர்கள் பெயரைப் பிழையில்லாமல் அச்சடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு சிற்பியைக் கூப்பிடலாம்.

உள்ளூர் ஆள்தான் வேண்டுமென்றால், இருக்கவே இருக்கிறார் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது விழுந்த குண்டுகளையும், வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும் தன் நாட்குறிப்பில் தமிழில், அதுவும் பேச்சுத் தமிழில், எழுதிவைத்தார். நிருபர் அட்டையா, சம்பளமா? இன்று அவர் பெயரில் இருக்கும் வீதிக்குச் செருப்பு வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அதில் ஒரு பக்கம் படித்திருப்பார்கள்? சிலைக்கு நன்கொடை திரட்டும் உத்தேசம் இருந்தால், அந்த 1748-ஆம் வருஷத்துப் பக்கங்களை மட்டும் மலிவுப் பதிப்பாகப் போடுங்கள். என் பங்குக்கு நூறு பிரதி வாங்கிக்கொள்கிறேன்.